சீட்டு வரும்வரை

திங்கட்கிழமைக் கூட்டம் நடக்கிற மாடி அறையில் மேசையின் ஒரு கால் குட்டை. அதற்கடியில் மடித்து வைத்த அட்டை மாதத்துக்கு ஒருமுறை நசுங்கிப்போகும். மேலாளர் முழங்கையை ஊன்றினால் மேசை அவர் பக்கம் சாயும். சுற்றியிருப்பவர்களின் டீ டம்ளர்கள் எல்லாம் அவருக்கு மரியாதை செய்வதுபோல ஒரு விரற்கடை நகரும். அன்றைக்கு அவர் முழங்கையை ஊன்றாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். விஷயம் நல்லதல்ல என்று அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் கண் மருத்துவமனையின் கணினிப் பிரிவு அவள்தான். பிரிவு என்றதும் நாலு பேர் இருப்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி, இரண்டு திரை, அவள் ஒருத்தி. பன்னிரண்டு வருஷமாக யார் எதைக் கேட்டாலும் "பாத்துக்கிறேன்" என்பாள். சொன்னபடி பார்த்தும் முடித்துவிடுவாள். நாளடைவில் அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. "பாத்துக்கிறேனைக் கூப்பிடு" என்று கீழே பதிவு மேசையில் இருக்கிற அம்மா போடுகிற சத்தம் மாடிவரை கேட்கும்.

மருத்துவமனைக்கு மூன்று வண்டிகள் இருந்தன. ஊர் ஊராகப் போய், சர்க்கரை நோய் உள்ளவர்களின் விழித்திரையைப் படம் எடுத்து வருவது அவற்றின் வேலை. எடுத்த படங்கள் ஒரு கம்பெனியின் கிளவுடில் போய்ச் சேரும். தர்மக் காரியம் என்பதால் அந்தக் கம்பெனி இடத்தை மலிவாகக் கொடுத்திருந்தது. படத்தைப் பார்த்து எங்கே ரத்தம் கசிகிறது என்று சொல்லும் மென்பொருளோ வேறொரு கம்பெனியின் கிளவுடில் ஓடியது. அதை அங்கே மட்டும்தான் வாடகைக்கு விட்டார்கள். அதனால் தினமும் மாலை நாலு மணிக்கு அன்றைய படங்கள் இங்கிருந்து அங்கே போயாக வேண்டும்.

இதை வீட்டில் நாத்தனாருக்குப் புரியவைக்க ஒருமுறை அவள் இரண்டு கிடங்குகளை உதாரணமாகச் சொன்னாள். உள்ளே கொண்டுபோய் வைக்கக் காசு கிடையாது. வெளியே எடுத்து வரும்போதுதான் வாசலில் எடைபோட்டு வாங்குவான். நாத்தனார் ஊசியில் நூலைக் கோத்தபடியே கேட்டுவிட்டு, "நம்ம பொருளை நாம எடுக்கறதுக்குக் காசா? உங்க அண்ணன் உயிரோட இருந்திருந்தா அந்த வாசலையே பேத்து எடுத்துட்டு வந்திருப்பாரு" என்று காலமான தன் கணவரை இழுத்தாள்.

அந்த வாசல் கட்டணம்தான் கூட்டத்தில் பிரச்சினை. மூன்று மாதத்தில் அது நாலு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. மேலாளர் பில்லைத் தூக்கிக் காட்டினார். இரண்டு கிளவுடுக்கும் நடுவே நேரடி லைன் ஒன்று வாடகைக்குக் கிடைக்கும், அதில் அனுப்பினால் வாசல் கட்டணம் பெருமளவு குறையும் என்று விசாரித்ததாகவும், இப்போது போகிற எடைக்கு அவர்கள் கேட்கிற பெரிய லைனின் வாடகையும் கட்டுப்படியாகாது என்றும் சொன்னார். இன்னும் இரண்டு மாதம் இப்படியே போனால் மூன்றாவது வண்டியை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த வண்டி ஓட ஆரம்பித்தது மூன்று மாதத்துக்கு முன்னால்தான். கேமராவும் புதுசு, படத்தின் எடையும் அதிகம்.

மூன்றாவது வண்டியை ஓட்டுவதும் அதில் படம் எடுப்பதும் அவளுடைய கணவர். அவருக்கும் அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு: ரெட்டைப்படம். மற்ற வண்டிகளில் கண்ணுக்கு ஒரு படம், மங்கலாகத் தெரிந்தால்தான் இன்னொன்று என்றால் இவர் எப்போதும் இரண்டு எடுப்பார். கேமரா பழகிய வாரத்தில் தன் அக்காவைத்தான் உட்காரவைத்துப் பழகினார். முதல் படம் மங்கல். எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்த இரண்டாவது படத்தில் ரத்தக்கசிவு தெரிந்தது. உடனே லேசர் வைத்ததால், அந்த அக்கா இன்றைக்கும் முன்னறையில் தையல் மிஷினில் உட்கார்ந்து, பெடலை மிதித்தபடி தம்பியையும் தம்பி மனைவியையும் அதட்டிக்கொண்டிருக்கிறாள். அன்றிலிருந்து அவருக்கு ஒரு படத்தில் நம்பிக்கை இல்லை.

அவர் எழுந்து நின்றார். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார், மறுபடி வைத்தார்.

"தப்பு என் மேலதான் சார். நான்தான் ரெண்டு ரெண்டா எடுத்துத் தள்ளிட்டேன். காசு ஆகும்னு தெரியாது. இனிமே ஒண்ணுதான் எடுப்பேன். வண்டியை மட்டும் நிறுத்திடாதீங்க."

பத்துப் பதினைந்து பேர் முன்னால் அவர் அப்படிக் கைகட்டி நின்றது அவளுக்குத் தாங்கவில்லை. மேலாளர் அவரை உட்காரச் சொன்னார். இனி எல்லா வண்டியிலும் கண்ணுக்கு ஒரு படம் மட்டுமே என்று உத்தரவும் அங்கேயே ஆயிற்று.

அன்று வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வாரமாக விடாத மழை. துவைத்த துணியெல்லாம் முன்னறையில் கொடிகட்டித் தொங்கியது. அவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவள் பருப்பை ஊற்றப் போனபோது கையை நீட்டித் தடுத்தார். நாத்தனார் ஈரச் சட்டை ஒன்றை விலக்கிவிட்டு எட்டிப் பார்த்து, அந்த இரண்டாவது படம் இல்லாவிட்டால் இன்றைக்குத் தன்னைக் கைபிடித்துத்தான் நடத்திப் போக வேண்டியிருக்கும், அதை அந்த மேலாளரிடம் வந்து தானே சொல்கிறேன் என்றாள். "நீ சும்மா இருக்கா" என்றார் அவர்.

மறுநாள் காலை அவள் கதவைச் சாத்திக்கொண்டு, போன படங்களின் பட்டியலைத் திறந்தாள். கணவருக்கு ஏதாவது ஆறுதலாகச் சொல்ல முடியுமா என்று பார்ப்பதுதான் எண்ணம். பத்து நிமிஷத்தில் அவளுக்கு வியர்த்துவிட்டது. ஒரே எண்ணுள்ள படம் திங்களன்று போயிருந்தது, செவ்வாயன்று போயிருந்தது, புதனன்றும் போயிருந்தது. ஒன்றல்ல, எல்லாப் படமும் அப்படியே. மூன்று வண்டியின் படங்களும் மூன்று மூன்று முறை வாசலைத் தாண்டி, மூன்று முறையும் எடைபோடப்பட்டிருந்தன.

அனுப்பும் நிரலை எழுதியது அவளேதான். வருஷங்களுக்கு முன் நாற்பது பேருடைய படங்கள் வழியில் தொலைந்துபோனதால் அதில் ஒரு விதி வைத்திருந்தாள். படம் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து "கிடைத்தது" என்று ஒரு சீட்டு திரும்பி வர வேண்டும். வராவிட்டால் மறுநாள் மறுபடி அனுப்பு. மூன்று நாள்வரை அனுப்பு. மூன்று முறை போயும் தொலைகிற படம் இருக்காது என்பதால் அதற்குமேல் எதுவும் எழுதவில்லை. அந்தப் பக்கத்து மென்பொருள் வந்த படமே மறுபடி வந்தால் சத்தம் போடாமல் ஓரமாகத் தள்ளிவிடும். எனவே யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

சீட்டுகள் ஏன் வரவில்லை என்று தேடியபோது கடிதம் அகப்பட்டது. இன்ன தேதியிலிருந்து சீட்டுகளை வேறொரு புது இடத்தில் போடப்போகிறோம், உங்கள் பக்கம் அதை மாற்றிக்கொள்ளுங்கள் என்று மென்பொருள்காரர்கள் எழுதியிருந்தார்கள். கீழே அவளுடைய பதில் ஒரே ஒரு சொல்: பார்த்துக்கொள்கிறேன்.

தேதியைப் பார்த்ததும் நினைவு வந்துவிட்டது. மூன்றாவது வண்டி முதன்முதலாகக் கிளம்பிய காலை அது. புதுச் சட்டையும் புதுச் சாவியுமாகக் கணவர் நின்றார். அவள் வாசலில் நின்று கையசைத்துக்கொண்டே, இன்னொரு கையால் போனில் அந்தச் சொல்லைத் தட்டிவிட்டிருந்தாள். வண்டி தெரு முனை திரும்பும்வரை பார்த்தாள். கடிதத்தைப் பிறகு பார்க்கவேயில்லை.

சரிசெய்ய ஒரு வரி மாற்றினால் போதும். மாற்றினாள். அன்று மாலை நாலேகாலுக்குச் சீட்டுகள் வரிசையாக வந்து விழுந்தன. எழுந்துபோய் மேலாளரின் கதவைத் தட்டத்தான் கிளம்பினாள். படிக்கட்டில் மருந்துக் கிடங்குக்காரரின் ஞாபகம் வந்தது. கெட்டுப்போன சொட்டு மருந்து விஷயத்தில் ஒரு தவறு செய்துவிட்டார் என்று போன வருஷம் அவரைப் பகல் சாப்பாட்டுக்கு முன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் பாதிப் படியில் நின்றாள். எப்படியும் பில் இறங்கிவிடும், வண்டி நிற்காது, பிறகு எதற்கு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டாள். கணவரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது முதல்நாள் பயத்தால். இரண்டாம் நாள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்பதால். அப்புறம் ஒவ்வொரு நாளும் அது கூடிக்கொண்டே போயிற்று.

அடுத்த பில் பாதிக்கும் கீழே இறங்கி வந்தது. மேலாளர் முழங்கையை ஊன்றினார், டம்ளர்கள் நகர்ந்தன. கண்ணுக்கு ஒரு படம் என்ற கட்டுப்பாடுதான் காரணம் என்றார். தவறை ஒப்புக்கொள்கிற மனசு எல்லோருக்கும் வராது என்று சொல்லி அவள் கணவருக்குக் கைதட்டச் சொன்னார். அவளும் தட்டினாள். ஒரு படம் என்பது இனி நிரந்தர விதி. நேரடி லைன் பேச்சும் அத்தோடு முடிந்தது. வலி போன பிறகு யார் மருந்து வாங்குவார்கள்?

ஆனால் பதிவு மேசையில் வேறொரு பட்டியல் நீண்டுகொண்டிருந்தது. படம் மங்கல், மறுபடி வரவும் என்று கூப்பிட்டுச் சொல்ல வேண்டியவர்களின் பட்டியல். முன்பெல்லாம் மாதத்துக்கு மூன்று பேர், நாலு பேர். இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. பதிவு மேசை அம்மா போனில் திட்டு வாங்கி வாங்கி, யாருக்காவது போன் செய்வதற்கு முன் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்ளப் பழகியிருந்தாள்.

மழையில் மூன்றாவது வண்டியின் இணையப் பெட்டி அடிக்கடி செத்துப்போகிறது என்று ஒரு சனிக்கிழமை அவளையே வண்டியோடு அனுப்பினார்கள். சந்தை வளாகத்தில் தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருந்தார் கணவர். பின்கதவைத் திறந்தால் இரண்டு படி, ஒரு முக்காலி, தாடையை வைக்க ஒரு தாங்கி, அதன் முன்னால் கேமரா. செவிலி கொட்டகையில் உட்கார்ந்து பெயர் எழுதிக் கண்ணில் சொட்டு விட்டு அனுப்பினாள். ஒவ்வொருவர் எழுந்துபோனதும் அவர் தாங்கியைத் துடைத்துக் காகிதம் மாற்றினார். நெற்றியை ஒட்டிவையுங்கள், பச்சை வெளிச்சத்தையே பாருங்கள், கண்ணைச் சிமிட்டாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் முதல்முறை சொல்வதுபோலவே சொன்னார். அவர் வேலை செய்வதை அவள் நேரில் பார்ப்பது அதுதான் முதல்தடவை.

பதினோரு மணிக்கு, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மூட்டை தூக்குகிறவர் ஒருவர் ஏறினார். வயது ஐம்பதுக்கு மேல். முழங்காலுக்குக் கீழே சேறு. மூன்று வாரத்துக்கு முன்பே இதே வண்டியில் படம் எடுத்தவர்.

"போன தடவை சரியா விழலைன்னு போன் வந்துச்சு. என் கண்ணு கோளாறா, உங்க மிஷின் கோளாறா?"

"மிஷின்தான் ஐயா," என்றார் கணவர்.

"இன்னிக்கும் கூலி போச்சு. நல்லா எடுத்துடுங்க."

வலது கண் சரியாக விழுந்தது. இடது கண்ணில் நீர் கோத்திருந்தது, துடைத்துவிட்டு எடுத்தார். கேமராவின் சின்னத் திரையில் அது தெளிவா மங்கலா என்று சொல்ல முடியவில்லை. அவருடைய விரல் மறுபடி பொத்தானுக்குப் போயிற்று. அழுத்தாமல் நின்றது. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் எதற்கும் அவளிடம் அனுமதி கேட்டு அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"எடுங்க," என்றாள்.

"உத்தரவு இருக்கே."

"எடுங்க. நான் பாத்துக்கிறேன்."

சொன்ன சொல் அவள் காதிலேயே நாராசமாக விழுந்தது. அவர் எடுத்துவிட்டார். மூட்டைக்காரர் சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

திரும்பும் வழியில் செவிலி தன் வீட்டுப் பக்கத்தில் இறங்கிக்கொண்டாள். வண்டியில் இவர்கள் இருவர் மட்டும். மழை தூறலாகிவிட்டிருந்தது, கண்ணாடித் துடைப்பான் கிரீச்சிட்டுக்கொண்டே போய்வந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவர்தான் பேச்சை எடுத்தார்.

"அந்த ரெண்டாவது படத்தை அழிச்சிடவா? நீ கூட வந்த அன்னிக்கு ஒண்ணு கூடுதலா போச்சுன்னா உன் பேர்ல குத்தம் வந்துடும்."

"அழிக்காதீங்க."

"இல்லம்மா, எதுக்கு வம்பு? ஏற்கெனவே என்னால ஒரு தடவை ஆயிருச்சு."

"உங்களால ஆகல."

அவர் அவளைப் பார்த்துவிட்டு மறுபடி சாலையைப் பார்த்தார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். சீட்டு, கடிதம், அந்த ஒரு சொல், வண்டி கிளம்பிய காலை, ஒரு வரி மாற்றியது. இடையில் நிறுத்தினால் மறுபடி தொடர முடியாது என்று தெரிந்து மூச்சுவிடாமல் சொன்னாள். முடித்த பிறகும் துடைப்பான் பத்துத் தடவை போய்வந்திருக்கும்.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"நீங்க எந்திரிச்சு நின்னீங்களே, அதுக்கு மறுநாள்."

"மறுநாளேவா."

"ஆமாங்க."

"இன்னியோட எத்தனை நாளு?"

"முப்பத்தொம்பது."

"முப்பத்தொம்பது நாளும் நான் ராத்திரி படுக்கையில புரண்டது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எத்தனை பேரைத் திருப்பி வரச் சொல்லியிருக்கோம்?"

"முப்பத்திரண்டு பேரு. இன்னிக்கு வந்தவரோட சேத்து."

"எல்லாம் தெரிஞ்சிருக்கு," என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு. அவர் கியரை மாற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனாருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தே பாதியைக் கண்டுபிடித்து, மீதியை அவள் வாயிலிருந்தே வாங்கிவிட்டாள். வழக்கம்போல அதட்டுவாள் என்று இவள் காத்திருந்தாள். நாத்தனார் மிஷினை நிறுத்தினாள். "தப்புத் தையல் விழாத துணி கிடையாது. ஆனா பிரிக்காம மேலயே தச்சுட்டுப் போனா, போட்டுக்கறவனுக்குத்தான் குத்தும்" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை அவள் எழுந்து நின்றாள். கணவர் நின்ற அதே இடம். கடிதத்தையும் தன் பதிலையும் அச்செடுத்து எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்தாள். பில் ஏறியது தன்னால், இறங்கியதும் தான் அந்த வரியை மாற்றியதால்தான். ரெட்டைப் படத்துக்கும் அதற்கும் சம்பந்தம் மிகக் கொஞ்சம் என்றாள். இன்னொன்றும் சொன்னாள். லைன்காரர்கள் பெரிய வாடகை கேட்டது மூன்று மடங்காக ஊதிப்போன எடையைப் பார்த்து. நிஜமான எடைக்கு அவர்களிடம் இருப்பதிலேயே சின்ன லைன் போதும். கண்ணுக்கு இரண்டு படம் எடுத்து மூன்று வண்டியையும் ஓட்டினாலும், அதன் வாடகையும் குறைந்த வாசல் கட்டணமும் சேர்ந்து இப்போது கட்டுவதைவிடக் கீழேதான் வரும். அதையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள்.

மேலாளர் கடிதத்தை இரண்டுமுறை படித்தார். பதிவு மேசை அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள்.

"அன்னிக்கே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இது வெறும் மறதிம்மா," என்றார் மேலாளர். "செய்யாத தப்பை ஒத்துக்கிட்டதுக்காக ஒரு மனுஷனுக்கு நான் எல்லாரையும் கைதட்ட வெச்சிருக்கேன்."

அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். கணினிப் பிரிவுக்கு இன்னொருவரை எடுத்து, அவளைத் தலைமையாக்குவது என்று இருந்த பேச்சு நின்றுபோயிற்று. இனி அனுப்பும் நிரலை வெளியாள் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒரு படம் என்ற விதி அன்று மதியமே எடுக்கப்பட்டது. சின்ன லைனுக்கு விலை கேட்டு எழுதச் சொன்னார்கள். கணவர் மேசையின் அந்தக் கோடியில் கடிதப் பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவள் பக்கம் பார்க்கவில்லை.

அந்த வாரம் முழுக்க வீட்டில் தையல் மிஷின்தான் பேசியது. அவர் சாப்பிட்டார், தட்டைக் கழுவினார், படுத்தார். கேட்டதற்கு ஆமாம், இல்லை என்றார். முன்பெல்லாம் சாப்பாட்டு வேளையில் எந்த ஊரில் இருக்கிறேன், எத்தனை பேர் வந்தார்கள் என்று வண்டியிலிருந்து போன் செய்வார். அதுவும் இல்லை. புதன்கிழமை மூட்டைக்காரரின் முடிவு வந்தது. இடது கண்ணில் கசிவு. முதல் படத்தில் தெரியாதது இரண்டாவதில் தெளிவாகத் தெரிந்தது. லேசருக்கு நாள் குறித்தார்கள். அவள் அதை ஒரு சின்னத் தாளில் எழுதி அவருடைய சாப்பாட்டுப் பையில் வைத்து அனுப்பினாள். மாலையில் பை திரும்பி வந்தபோது தாள் அதில் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு அவளுடைய போன் அடித்தது. பின்னால் மழைச் சத்தம், துடைப்பானின் கிரீச்சு.

"இன்னிக்கு நாப்பத்தொம்பது பேரு," என்றார் கணவர். "கண்ணுக்கு ரெண்டு."

அவள் திரையைப் பார்த்தாள். "நூத்தித் தொண்ணூத்தாறு. எல்லாம் போயிருச்சுங்க."

"போனது இருக்கட்டும். சீட்டு வந்துச்சா?"

இதுநாள்வரை அவர் சீட்டைப் பற்றிக் கேட்டதில்லை. அவள் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"ஒண்ணு குறையுது. நீங்க வண்டியைக் கிளப்புங்க, நான் பாத்து..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"பாரு," என்றார் அவர். "வண்டியை ஓரமாத்தான் போட்டிருக்கேன். அது வர்ற வரைக்கும் லைன்லயே இருக்கேன்."

அந்தப் பக்கம் வண்டியின் கூரையில் மழை பெய்வது அவளுக்குக் கேட்டது. இந்தப் பக்கத்து மின்விசிறி அவருக்குக் கேட்டிருக்கும். ஏழெட்டு நிமிஷம் போயிருக்கும்.

"வந்திருச்சுங்க."

"சரி," என்றார். "எனக்கும் சேத்து உலை வை. வந்துட்டே இருக்கேன்."